உண்மையா, கருத்தா? டீச்சரிடம் கேட்ட கேள்விகள்

(பதில் சொல்பவர் ஆரம்பப் பள்ளி ஆசிரியை.)

கேள்வி: டீச்சர், "புளியோதரைதான் உலகத்துலயே நல்ல சாப்பாடு, இது உண்மை" என்று எட்டு வயது மகள் அடம்பிடிக்கிறாள். எப்படி விளக்குவது?

விளக்காதீர்கள். "இதை எப்படிச் சரிபார்க்கலாம்?" என்று மட்டும் கேளுங்கள். அதில் புளி இருக்கிறதா என்பதைச் சமைப்பவரைக் கேட்டால் தெரிந்துவிடும். நல்ல சாப்பாடா என்பதற்கு ஆளுக்கொரு நாக்கு!

கேள்வி: "நினைக்கிறேன்" என்று வந்தால் கருத்து என்று சொல்லிக்கொடுத்தேன். சரிதானே?

பாதிதான் சரி. "மதுரை சென்னைக்குத் தெற்கே என்று நினைக்கிறேன்" என்பதை வரைபடத்தில் பார்த்துவிடலாம். "சென்னை வெயிலைத் தாங்கவே முடியாது" என்பதில் அந்தச் சொல்லே இல்லை, ஆனால் கருத்து.

கேள்வி: தஞ்சைப் பெரிய கோயில் நிழல் தரையில் விழாது என்கிறான் மகன். இது கருத்துதானே?

இங்கேதான் பெரியவர்களே சறுக்குகிறோம். இது கருத்து அல்ல, தவறான தகவல். போய்ப் பார்த்துச் சரிபார்க்க முடிகிறதே! அதனால் பிள்ளைகளிடம் மூன்று கூடை வையுங்கள்: சரியான தகவல், தவறான தகவல், கருத்து. நான் ஒருமுறை வகுப்பை அந்தக் கோயிலுக்குச் சுற்றுலா கூட்டிப்போனேன். காலை பத்து மணி, கல் சுட ஆரம்பித்துவிட்டது. செருப்பில்லாத பிள்ளைகள் கருவறைக் கோபுரத்துக்கு மேற்கே ஓடிப்போய் ஒட்டி நின்றார்கள். "டீச்சர், நிழல் விழாதுன்னாங்க, நாம நிழல்லதான நிக்கிறோம்?" என்றான் ஒரு பயல். நான் பாடம் எடுக்க வேண்டியே வரவில்லை. ராஜராஜன் கட்டிய கோயில், 1010-இல் முடிந்தது என்பது தகவல். அதைவிட அழகான கோயில் கிடையாது என்பது என் கருத்து. விட்டுக்கொடுக்க மாட்டேன், அது வேறு விஷயம்.

கேள்வி: நான் படிக்கும்போது ஒன்பது கோள், இப்போது எட்டு. உண்மையும் மாறுமா?

புளூட்டோ அப்படியேதான் சுற்றுகிறது. 2006-இல் சர்வதேச வானியல் ஒன்றியம் 'கோள்' என்ற சொல்லுக்கு வரையறை வகுத்தது. அதில் புளூட்டோ அடங்கவில்லை.

கேள்வி: பதிமூன்று வயதுப் பையன். எதைக் கேட்டாலும் "அது என் கருத்து" என்று வாயை அடைக்கிறான்.

சரி, கருத்துதான். காரணம் எங்கே என்று கேளுங்கள். "கணக்கு சார் மோசம்" என்றால், "என்ன நடந்துச்சு?" "மூணு வாரமா நோட்டு திருத்தித் தரல." அப்புறம் நோட்டை வாங்கிப் புரட்டிப் பாருங்கள், அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து.