பின்னேரப் பால் யார் கறப்பது?

கேள்வி: வயது 38. சண்டிலிப்பாய்ப் பக்கம் ஐந்து கறவை மாடு வைத்திருக்கிறேன். பிரதேச சபைத் தேர்தலில் நிற்கச் சொல்லி ஊரில் நெருக்குகிறார்கள். மனைவியோ, "உங்களுக்கு அரசியல், எனக்கு மாடோ?" என்று கேட்கிறா. பால்மாடு வளர்த்த ஒருவர் அவுஸ்திரேலியாவில் பிரதமராகவே வந்தாராமே? நான் நிற்கட்டா?

பதில்: வந்தவர்தான் தம்பி. ஜோன் மக்கியூவன் என்று பெயர். ஏழு வயதுக்குள் தாய் தகப்பனை இழந்து ஆச்சியின் கையில் வளர்ந்தவர். பதின்மூன்றில் பள்ளிக்கூடத்தை விட்டார். 1918இல் பட்டாளத்தில் சேர்ந்தார். கப்பலேற முன்னமே சண்டை முடிந்துவிட்டது. பட்டாளத்துக்குப் போனவர்களுக்கு அரசு கொடுத்த காணியில், விக்டோரியா மாநிலத்து ஸ்டான்ஹோப்பில் மாடு கட்டினார். 1967 டிசம்பரில் பிரதமர் ஹொல்ட் கடலில் குளிக்கப் போய்க் காணாமற்போக, இவர் மூன்று கிழமைக்குச் சற்றுக் கூடப் பிரதமராக இருந்தார்.

ஊரில் உமக்குச் சொன்னவர்கள் இந்தக் கடைசி வரியை மட்டும்தான் சொல்லியிருப்பார்கள். அவர் மத்திய பாராளுமன்றத்துக்குப் போனது 1934இல். அதற்கு முன் விவசாயிகள் சங்கத்தில் வருஷக்கணக்காக மாரடித்தார். 1932இல் மாநிலத் தேர்தலில் நின்று தோற்றும் இருக்கிறார்.

நீர் பால் சங்கத்தில் என்ன செய்திருக்கிறீர்? காலமை பால் எடுக்கும் இடத்தில் பால்மானியை விட்டுப் பார்த்து, "தண்ணி கலந்திருக்கு" என்று ஒரு கிழவியின் போத்தலைத் திருப்பிக் கொடுக்கும்போது, அவவுக்காக ஒரு வார்த்தை கேட்டதுண்டா? கேட்டிருந்தால் உமக்கு வாக்கு இருக்கிறது. இல்லாவிட்டால் முதலில் சங்க நிருவாகத்துக்கு நில்லும்.

இனி மனைவி விஷயம். அதை ஒரே வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்! மக்கியூவனும் ஆன் என்ற அவருடைய மனைவியும் சேர்ந்துதான் அந்தப் பண்ணையில் பாடுபட்டார்கள். அவர் பிரதமராக முன்னமே, அதே வருஷம் பெப்ரவரியில், அந்த மனுஷி கண்ணை மூடிவிட்டா.

மாடு சினைக்குக் கத்தினால் சபைக் கூட்டம் முடியுமட்டும் பொறுத்திருக்காது. அன்றைக்குச் சினைப்படுத்தத் தவறினால் இன்னும் 21 நாள் காத்திருக்க வேணும். அதுவரை தீனிச் செலவு உம்முடையது. இதெல்லாம் அவவுக்குத் தெரியும். அதுதான் அப்படிக் கேட்டிருக்கிறா.

ஒரு மாதம் பழகிப் பாரும். கிழமையில் மூன்று பின்னேரம் மாட்டடிக்குப் போகாதேயும். கூலிக்கு ஆள் வைத்துக் கறப்பியும். பிண்ணாக்கு, தவிட்டுக் காசோடு அந்தக் கூலியையும் கழித்து, மிஞ்சுகிறதை மனைவியின் கையில் கொடுத்துவிட்டு, நிற்கட்டா என்று அவவிடம் கேளும். பிறகு எனக்கு எழுதும்.