அமில மண்ணில் பயறுவகைத் தீவனம்: மண்ணை மாற்றுவதா, பயிரை மாற்றுவதா?

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பகுதியில் கறவை மாடு வளர்க்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ரப்பர் தோட்டத்தை ஒட்டிய என் செம்மண் நிலத்தின் அமில கார நிலை (pH) 4.8. வேலிமசால் என்ற பயறுவகைத் தீவனத்தை இருமுறை விதைத்தும் ஒரு சாண் உயரத்திலேயே மஞ்சளித்து நின்றுவிட்டது. சுண்ணாம்பு இடவா, வேறு பயிருக்கு மாறவா?"

பயிரை மாற்றுங்கள். வேலிமசால், குதிரைமசால், சூபாபுல் ஆகியவை நடுநிலையான அல்லது சற்றே காரத்தன்மை கொண்ட மண்ணில் செழிப்பவை. அமில கார நிலை 5.5க்குக் கீழே இறங்கும்போது மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர் நுனியைத் தாக்குவதால், வேர் தடித்துக் குட்டையாகி, மழை மிகுந்த ஊரிலும் சில நாள் வெயிலுக்கே செடி வாடிவிடுகிறது. மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் பிடித்துவைத்துக்கொள்ள, தழைச்சத்தை நிலைநிறுத்தும் வேர்முடிச்சுக்குத் தேவையான மாலிப்டினம் என்ற நுண்சத்தும் அரிதாகிறது. சுண்ணாம்பு மேல்மண்ணைத் திருத்துமே தவிர அடிமண்ணுக்கு எளிதில் இறங்காது; சுண்ணாம்புச் சத்துக்காகச் சிறிதளவு இட்டால் போதும். மணிச்சத்துக்கு, அமில மண்ணில் மெல்லக் கரையும் ராக் பாஸ்பேட் என்ற பாறை உரமே சிக்கனமானது.

கொலம்பியாவில் 1967இல் நிறுவப்பட்ட பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை மையம், மண்ணைத் திருத்துவதைவிட அதைத் தாங்கும் செடியைத் தேடுவதே மேல் என்ற வழியில்தான் சென்றது. அங்கிருந்து பரவிய ஸ்டைலோசாந்தஸ் (சுருக்கமாக ஸ்டைலோ) கயனென்சிஸ் 184 என்ற வகையை முதலில் தேடிப் பாருங்கள். தமிழகத்தில் முயல்மசால் என்ற பெயரில் பெரும்பாலும் கிடைப்பது ஸ்டைலோவிலேயே வறண்ட நிலத்துக்குரிய ஸ்கேப்ரா இனம் என்பதால், இனப்பெயரைக் கேட்டு வாங்குவது அவசியம். நிழலுக்கு, பிரேசிலில் 1954இல் சேகரிக்கப்பட்ட அரக்கிஸ் பின்டோய் என்னும் படரும் நிலக்கடலை இனம் ஏற்றது. தண்டு வெட்டி நடலாம். ரப்பர் தோட்டங்களில் மண்ணை மூடிப் படரும் மூடுபயிராக அறிமுகமான பியூரேரியா கொடியையும் சேர்த்துக்கொள்ளலாம். பக்கத்துத் தோட்டத்து மூடுபயிரான மியூக்குனா பிராக்டியேட்டாவின் பசுமையைக் கண்டு ஏமாற வேண்டாம். அதை மாடு விரும்பித் தின்பதில்லை.

ஒவ்வோர் இனத்துக்கும் மும்மூன்று சிறு பாத்திகளை, மேடும் பள்ளமும் எல்லாவற்றுக்கும் கிடைக்குமாறு கலந்து அமைத்து, ஜூன் மழையோடு விதையுங்கள். எட்டாம் வாரத்தில் நான்கைந்து செடிகளைப் பிடுங்காமல் மண்ணோடு தோண்டியெடுத்து, வேர்முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது தழைச்சத்தை நிலைநிறுத்துகிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் முடிச்சு இருந்தும் பயனில்லை.

விளைச்சலை மழைக்காலத்தில் ஒருமுறையும், ஜனவரி முதல் மார்ச் வரையான வறட்சியில் ஒருமுறையும், ஒரே வளர்ச்சி நாட்களுக்குப் பின் வெட்டி எடை பாருங்கள். பச்சை எடையை மட்டும் நம்பினால் நீர் மிகுந்த செடியே வெல்லும். ஆகவே கால் கிலோவை உலர்த்தியும் நிறுக்க வேண்டும். ஸ்டைலோவைத் தரைமட்டமாக வெட்டினால் மறுதளிர் வராது, ஒரு சாண் விட்டு வெட்டுங்கள்.

முதலாண்டு விளைச்சலைக் கொண்டு முடிவெடுப்பதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. ஸ்டைலோ இனங்களை அழிக்கும் ஆந்த்ராக்னோஸ் என்ற பூசண நோய் இரண்டாம் மழைக்காலத்தில்கூடத் தலைகாட்டலாம். அதைத் தாண்டி நிற்பதையே நம்பலாம். இறுதியில், பயிர்களை அருகருகே வைத்து மாட்டையே தேர்ந்தெடுக்க விடுங்கள். பழகாத தீவனத்தை முதல் நாள் அது முகர்ந்துவிட்டு ஒதுங்கக்கூடும் என்பதால், ஒரு வாரமாவது தொடர்ந்து வைத்த பிறகே மிச்சத்தை எடை போட்டுப் பாருங்கள்.