கேள்வி பதில்: காலநிலை விஷயத்தில் அரசைக் கூண்டில் ஏற்ற முடியுமா?

காலநிலை மாற்றத்தைக் கண்டும் காணாமல் இருக்கும் அரசுகளைத் தட்டிக்கேட்க வழி உண்டா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். இந்த வழக்குகளின் தீர்ப்புகளைச் சில வருடங்களாகப் படித்து வருகிறேன். தெரிந்த வரையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: வெள்ளமும் வெயிலும் இயற்கை. அதற்கு அரசின் மேல் எப்படி வழக்குப் போடுவது?

வெயில் அடித்ததற்காக யாரும் வழக்குப் போடுவதில்லை. சொன்னதைச் செய்யவில்லை என்றுதான் போடுகிறார்கள். நெதர்லாந்தைப் பாருங்கள். 2020க்குள் உமிழ்வை (பூமியைச் சூடாக்கும் வாயுக்களை வெளியிடுவதை) 1990 அளவிலிருந்து 30 சதவீதம் குறைப்போம் என்று அந்த அரசே ஒரு காலத்தில் இலக்கு வைத்திருந்தது. அப்புறம் சத்தமில்லாமல் இறக்கிக்கொண்டது. போகிற போக்கில் போனால் 17 சதவீதம் வரைதான் குறையும் என்ற நிலை. உர்கெண்டா என்ற அமைப்பு, கூடவே சுமார் 900 குடிமக்கள், வழக்குப் போட்டார்கள். 25 சதவீதமாவது குறைத்தே ஆகவேண்டும் என்று 2015இல் தீர்ப்பு வந்தது. அரசு மேல்முறையீடு செய்து பார்த்தது. 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

இலக்கை ஏன் இறக்கினாய் என்ற கேள்விக்கு அரசால் விஞ்ஞானரீதியாக ஒரு காரணம்கூடச் சொல்ல முடியவில்லை. எனக்கு இந்த வழக்கில் பிடித்த இடமே அதுதான்.

கேள்வி: உலக உமிழ்வில் எங்கள் பங்கு ஒரு சதவீதம்கூட இல்லை என்று அரசு கைவிரித்தால்?

கைவிரிக்கத்தான் செய்யும். நெதர்லாந்தும் அதைத்தான் சொன்னது. அவரவர் பங்குக்கு அவரவர் பொறுப்பு, அடுத்தவன் செய்யவில்லை என்பது சாக்கு ஆகாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கேள்வி: எல்லோருக்கும்தான் பாதிப்பு. அப்படியிருக்க, நான் மட்டும் போய் நின்றால் ஏற்பார்களா?

இங்கேதான் பாதி வழக்குகள் வாசலிலேயே விழுகின்றன. சுவிட்சர்லாந்தில் 2,000 பேருக்கு மேல் உள்ள மூத்த பெண்களின் சங்கம் ஒன்று, வெப்ப அலையில் தங்கள் வயதுப் பெண்களுக்குத்தான் ஆபத்து அதிகம் என்று வாதாடியது. உள்நாட்டு நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. 2024 ஏப்ரலில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சங்கத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால் கூடவே தனித்தனியாக மனுப் போட்ட நான்கு பெண்களை "பாதிக்கப்பட்டவர்" என்று அது ஏற்கவில்லை! அதே நாளில், போர்ச்சுகல் இளைஞர்கள் 33 நாடுகள் மேல் போட்ட மனுவும் தள்ளுபடி. உள்ளூர் நீதிமன்றத்துக்கே போகாமல் நேராக மேலே வந்ததும் அதற்கு ஒரு காரணம்.

அதனால் சங்கமாகப் போங்கள், கீழிருந்து போங்கள்.

கேள்வி: இதெல்லாம் பணக்கார நாட்டுக் கதை இல்லையா?

பாகிஸ்தானில் ஒரு விவசாயி 2015இல் லாகூர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். நாட்டில் 2012இலேயே காலநிலைக் கொள்கை உண்டு, அதை நடைமுறைப்படுத்தத் திட்டமும் உண்டு. ஆனால் எல்லாம் அலமாரியில். நீதிமன்றம் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஒவ்வொரு துறையும் இதற்கென்று ஓர் அதிகாரியைப் பெயர் சொல்லி நியமிக்க வேண்டும் என்றது. மேற்பார்வைக்கு ஓர் ஆணையமும் அமைத்தது. "அது என் துறை இல்லை" என்று இனி யாரும் நழுவ முடியாது. பெரிய பெரிய இலக்குகளைவிட இந்தச் சின்ன உத்தரவுதான் எனக்கு உருப்படியாகத் தெரிகிறது.

கேள்வி: ஜெயித்தாலும் அரசு கேட்குமா?

சில சமயம் உடனே கேட்கும். ஜெர்மனியில் அரசமைப்பு நீதிமன்றம் 2021 ஏப்ரலில் தீர்ப்பை வெளியிட்டது. இன்றைய தலைமுறை சுமையை அடுத்த தலைமுறையின் தலையில் இறக்கிவைத்துவிட்டுப் போனால், நாளை வருகிறவர்களின் சுதந்திரம் பறிபோகும் என்பது அதன் சாரம். சில மாதங்களிலேயே சட்டம் திருத்தப்பட்டது: 2030க்குள் உமிழ்வைக் குறைக்கும் இலக்கு 55இலிருந்து 65 சதவீதம் ஆனது. சுவிட்சர்லாந்தில் நேர்மாறு. நாங்கள் ஏற்கெனவே போதுமானதைச் செய்கிறோம் என்று நாடாளுமன்றம் தீர்மானமே போட்டது. தீர்ப்பு கையில் வந்ததும் வீட்டுக்குப் போய்விடக் கூடாது என்பது இதனால்தான்.

கேள்வி: காலநிலைக்காக நாடுகள் செய்துகொண்ட பாரிஸ் ஒப்பந்தத்தை மீறினால் தண்டனை உண்டா?

இல்லை. இலக்கைச் சமர்ப்பிப்பது கட்டாயம், எட்டுவது கட்டாயமில்லை. ஆனால் 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் ஒரு கருத்துரை தந்தது. நிலக்கரி, பெட்ரோலியம் போன்ற புதைபடிவ எரிபொருளுக்கு உரிமம், மானியம் கொடுப்பதுகூடச் சர்வதேசச் சட்டப்படி தவறான செயலாகலாம் என்று அதில் இருக்கிறது. கருத்துரை நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது, சரி. ஆனால் இனி எந்த நாட்டு வக்கீலும் அதை மேற்கோள் காட்டலாம். பசிபிக் தீவுகளின் சட்ட மாணவர்கள் 2019இல் ஆரம்பித்த வேலை இது.

கேள்வி: வக்கீல் வைக்க வசதியில்லை. நான் என்ன செய்யலாம்?

உங்கள் அரசின் காலநிலைத் திட்ட அறிக்கையை இறக்கிப் படியுங்கள். ஒரு தாளில் ஐந்து கட்டம் போடுங்கள்: என்ன வாக்கு, எந்தத் துறை, எந்தத் தேதிக்குள், எவ்வளவு நிதி, இதுவரை நடந்தது என்ன. நான் முதன்முதலில் இப்படிப் போட்டபோது கடைசிக் கட்டம் பெரும்பாலும் காலியாகவே இருந்தது. அந்தக் காலி இடங்களைத்தான், தகவல் கேட்கும் உரிமைச் சட்டம் இருக்கிற நாட்டில், கேள்வியாக எழுதி அனுப்ப வேண்டும். "காலநிலைக்கு என்ன செய்தீர்கள்" என்று பொதுவாகக் கேட்டால் வழவழ பதில்தான் வரும். பக்க எண்ணைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.