ஆங்கிலத்தில் ‘கெட்’ என்ற சொல்லுக்கு ஏன் இத்தனை அர்த்தம்?

ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போவதுதான் ‘கெட்’. எந்த மாற்றம் என்பதை அடுத்து வரும் சொல் தீர்மானிக்கும். வெவ்வேறு முனைகளை மாட்டும் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடி மாதிரி. பொருள் வந்தால் கிடைப்பது, இடம் வந்தால் போய்ச் சேர்வது, தன்மையைச் சொல்லும் சொல் வந்தால் அப்படி ஆவது.

பலரும் சறுக்குவது கடைசி இரண்டில்தான். ‘ஐ ஆம் டயர்டு’ என்றால் களைப்பாக இருக்கிறேன். ‘ஐ காட் டயர்டு’ என்றால் களைத்துப்போனேன் (‘காட்’ என்பது ‘கெட்’டின் இறந்தகால வடிவம்). ‘கெட் டு தி ஸ்டேஷன்’ சரி. ‘கெட் டு ஹோம்’ தவறு, ஏனென்றால் இங்கே ‘ஹோம்’ என்பதிலேயே ‘வீட்டுக்கு’ அடங்கிவிட்டது. ‘கெட் ஹோம்’ போதும். ‘கெட் ஓவர்’ (ஒன்றிலிருந்து மீண்டு வருவது) போன்ற ஜோடிகளை மட்டும் பிரித்துப் பார்க்காமல் அப்படியே மனப்பாடம் செய்துவிடுவது மேல்.

‘காட்’ வந்தாலே இறந்தகாலம் என்று நினைப்பவர்கள் உண்டு. ‘ஐ ஹாவ் காட் எ கார்’ என்றால் என்னிடம் இப்போது கார் இருக்கிறது என்றுதான் பொருள்.