மணற்காட்டுக்கு மாலையில் போங்கள்

ஆறு வயதுப் பிள்ளை, முழங்கால் வலியுள்ள அம்மா, யாழ்ப்பாணத்தில் ஒரே நாள். கீரிமலைக் கேணி, மணற்காட்டு மணல்மேடுகள், கசூரினா கடற்கரை மூன்றும் முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். மூன்றும் வேண்டாம். கசூரினா மேற்கே காரைநகரில், மணற்காடு கிழக்கே வடமராட்சியில். பாதி நாள் பயணத்திலேயே போய்விடும். கசூரினாவை விடுங்கள்.

காலையில் கீரிமலை. கடலை ஒட்டியே நன்னீர்க் கேணி, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக. ஈரப்படி வழுக்கும், அம்மாவைக் கைபிடித்து இறக்குங்கள்.

அப்புறம் பருத்தித்துறை. அங்கே தட்டை வடை ஒரு பை வாங்கிக்கொள்ளுங்கள், பிள்ளைக்கு வழியெல்லாம் கொறிக்க உதவும்.

மணற்காட்டுக்கு நாலு மணிக்கு முன் போகாதீர்கள். வெயிலில் மணல் உள்ளங்காலைப் பொசுக்கிவிடும். மணல் மூடிய பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்களைப் பிள்ளைக்குக் கட்டாயம் காட்டுங்கள். மணல்மேட்டில் காற்று வரிவரியாகக் கோடு போட்டிருக்கும். அதில் சறுக்கி விளையாடட்டும். கடலில் மட்டும் இறக்காதீர்கள், அங்கே அலை இழுக்கும்.

அம்மாவுக்கு மணலில் நடப்பது கஷ்டம். அவரைப் பக்கத்திலுள்ள வல்லிபுர ஆழ்வார் கோயிலில் துணையோடு இருக்கவிடுங்கள். வளாகம் விசாலமானது, ஆறுதலாக இருக்கலாம்.