நீளத்தை விடுங்கள், நிறத்தைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் மகன் ஆசனவாய் இல்லாமல் பிறந்தான். இரண்டாம் நாளே கொலாஸ்டமி செய்து, வயிற்றில் மலம் வர வழி வைத்தார்கள். இப்போது 40 நாள். அழும்போது குடல் விரல் நீளத்துக்கு வெளியே வருகிறது. சுற்றிலும் தோல் புண்ணாகிவிட்டது. கிரகணத்தன்று நான் வெளியே போனதுதான் காரணம் என்கிறார்கள் வீட்டில்.

பதில்: கிரகணத்தை முதலில் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள் அம்மா. ஆசனவாய் உருவாவது கருத்தரித்த முதல் இரண்டு மாதங்களில். ஏறக்குறைய 5,000 குழந்தைகளில் ஒன்றுக்கு அந்த வளர்ச்சி முழுமையடைவதில்லை. நீங்கள் வெளியே போனதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

சரி, குடலுக்கு வருவோம். அழும்போதும் முக்கும்போதும் வயிற்றின் அழுத்தம் குடலை வெளியே தள்ளுகிறது. கொலாஸ்டமி செய்த குழந்தைகளிடம் அடிக்கடி பார்க்கும் சிக்கல்தான். ஈரமாக, உதட்டின் உட்புறம் போலச் சிவந்திருந்து, அழுகை ஓய்ந்ததும் தானாக உள்ளே போனால் பதற வேண்டாம். செல்போனில் படம் எடுத்து வைத்து, அடுத்த முறை டாக்டரிடம் காட்டுங்கள். கருநீலமாகவோ கறுப்பாகவோ மாறினால், வந்தது உள்ளே போகாமல் வீங்கினால், மலம் நின்று வயிறு உப்பினால், பச்சையாக வாந்தி எடுத்தால், நடு ராத்திரியானாலும் உடனே கிளம்புங்கள். நீங்களே அழுத்தித் தள்ளாதீர்கள். சுத்தமான ஈரத்துணியால் மூடிக்கொண்டு போங்கள்.

குடலைத் துடைத்தால் குழந்தைக்கு வலிக்காது. துளி ரத்தம் கசிந்து தானே நிற்பதும் சகஜம். பல குழந்தைகளுக்கு வயிற்றில் இரண்டு குடல் வாய் வைத்திருப்பார்கள். இரண்டாவதில் சளி போல வருவதைப் பார்த்து சீழ் என்று பயப்படுகிறவர்கள் நிறையப் பேர்.

தோல் புண்ணாவதற்குப் பெரும்பாலும் மலம் சேர வயிற்றில் ஒட்டும் பையின் கசிவுதான் காரணம். பையின் துளை குடல் வாயைவிட 2, 3 மில்லிமீட்டர்தான் பெரிதாக இருக்க வேண்டும். அறுவை சிகிச்சையின் வீக்கம் வற்றும்போது குடல் வாய் சுருங்கும் என்பதால் அவ்வப்போது அளந்து வெட்டுங்கள். வாசனை வைப்ஸ் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, ஒற்றி எடுங்கள். பை கட்டுப்படியாகவில்லை என்றால் பழைய பருத்தித் துணியை மடித்து வைத்து, நனைந்ததும் மாற்றுங்கள். அதிலும் குழந்தைகள் நன்றாகவே வளர்கிறார்கள். ஜிங்க் ஆக்சைடு களிம்பு துணி வைக்கும்போது மட்டும். அதன் மேல் பை ஒட்டாது. சுற்றிலும் சிவப்புப் புள்ளிகள் பரவினால் பூஞ்சையாக இருக்கலாம், அதற்கு மருந்து வேறு.

தாய்ப்பால் வழக்கம்போலக் கொடுங்கள். எடையை மட்டும் தவறாமல் பாருங்கள். இதயம், சிறுநீரகம், முதுகெலும்பு ஸ்கேன்கள் ஆகிவிட்டனவா என்று கேளுங்கள். இந்தக் குறையோடு அவற்றிலும் குறை இருக்க வாய்ப்புண்டு.

சில மாதங்களில் ஆசனவாய் அமைக்கும் அறுவை சிகிச்சை நடக்கும். அப்புறம் அது சுருங்காமலிருக்க, உலோகக் கம்பியால் தினமும் விரிவாக்கச் சொல்லித் தருவார்கள். கஷ்டமாக இருந்தாலும் அதை விட்டுவிடாதீர்கள். சரியான அளவு வந்த பிறகுதான் வயிற்று வழியை மூடுவார்கள். மூடியதும் மலம் அடிக்கடி போகும், அதுவரை மலம் படாத பிட்டம் சட்டென்று புண்ணாகும். களிம்பை முதல் நாளிலிருந்தே பூசுங்கள்.