‘இ’ கண்ட இடமெல்லாம் வெட்ட வேண்டாம்

கேள்வி: பிரேசிலில் கம்பினாஸ் நகரில் இருக்கிறோம். மகன் ஏழாம் வகுப்பு. போர்த்துகீசிய வாக்கியத்தில் எத்தனை ‘ஒராசாவ்’ (ஒரு வினையைச் சுற்றி அமையும் வாக்கியத் துண்டு) என்று பிரிக்கச் சொன்னால் குழம்பிவிடுகிறான். டியூஷன் ஆசிரியர் இணைப்புச் சொற்களின் பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார். வீட்டில் நான் எப்படிச் சொல்லித்தருவது?

பதில்: முதலில் அந்தப் பட்டியலை எடுத்து உள்ளே வையுங்கள். வினை எத்தனையோ, ஒராசாவ் அத்தனை. உங்கள் பையனுக்கு இப்போதைக்கு இது போதும். ‘கி கலோர்!’ (என்ன புழுக்கம்!) என்பதில் வினை இல்லை, ஒராசாவும் இல்லை.

பட்டியலால் வரும் கேட்டைப் பாருங்கள். ‘பேத்ரு இ ஆனா சயீராங்’ என்றால் பேத்ருவும் ஆனாவும் வெளியே போனார்கள். நடுவில் ‘இ’ (நம் ‘-உம்’ மாதிரி இணைப்புச் சொல்) இருக்கிறதே என்று பிள்ளை இரண்டாக வெட்டிவிடுவான். வினை ஒன்றுதான், ஒராசாவும் ஒன்றுதான். ‘பேத்ரு ஷெகோ இ ஆனா சயிவு’ என்றால் பேத்ரு வந்தான், ஆனா போனாள், இங்கே இரண்டு. அதே ‘இ’தான்! ‘ஒரே வாரத்தில் ஒராசாவ்’ என்று அட்டை விற்பவர்களும் இந்தக் குறுக்குவழியைத்தான் விற்கிறார்கள். தயவுசெய்து காசு கொடுக்காதீர்கள்.

வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு இன்னொரு சறுக்கல் உண்டு. ‘பேத்ரு மருத்துவர்’ என்று நாம் வினையில்லாமலே சொல்லிவிடுவோம். ‘பேத்ரு ஏ மேஜிகு’ என்பதில் அந்தக் குட்டி ‘ஏ’ ஒரு வினை. அதையும் எண்ணச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கை மட்டும் நிதானமாகச் சொல்லிக்கொடுங்கள். ‘வோ இஸ்துதார்’ என்பதில் வினை இரண்டு போலத் தெரியும். ஆனால் நம் ‘படிக்கப் போகிறேன்’ மாதிரிதான் அது. எங்கேயும் போகவில்லை, படிப்பது மட்டும்தான் நடக்கப்போகிறது. ‘இஸ்தாவா ஷொவேந்து’வும் ‘பெய்துகொண்டிருந்தது’ மாதிரியே. இப்படிச் சேர்ந்து ஒரே செயலைச் சொல்வதை ஒரு வினையாகவே எண்ண வேண்டும். ‘மந்தேய் உ மினீனு சயீர்’ அப்படியல்ல. பையனைப் போகச் சொன்னேன். சொன்னது நான், போக வேண்டியது பையன். ஆள் இரண்டு, செயல் இரண்டு, ஒராசாவும் இரண்டு. ‘செய்கிறவர் யார்?’ என்று ஒவ்வொரு வினையிடமும் கேட்கப் பழக்குங்கள்.

அப்புறம், ஒராசாவ் வகைகளின் நீளநீளமான பெயர்களை இப்போது தொடவே வேண்டாம். 1959-இல் பிரேசில் அரசு இலக்கணச் சொற்களுக்கு ஒரு பொதுப் பட்டியல் வெளியிட்டது. எல்லோரும் ஒன்றுக்கு ஒரே பெயரைச் சொல்லட்டும் என்பதுதான் நோக்கம். அந்தப் பெயர்களையே பாடமாக்கி, வினையைக் கண்டுபிடிக்கத் தெரியாத பிள்ளையிடம் போய் வகை கேட்கிறார்கள். எனக்கு ஆற்றவே மாட்டேன் என்கிறது! இன்றைய தேசியப் பாடத்திட்டம் ஏழாம் வகுப்பில் கேட்பதோ, காற்புள்ளியாலோ ‘இ’, ‘மஸ்’, ‘பொரேங்’ (இரண்டுக்கும் ‘ஆனால்’ என்று பொருள்) போன்ற சொற்களாலோ இணைந்த இரண்டு ஒராசாவை அடையாளம் காண்பதுதான். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் வகையெல்லாம் எட்டாம் வகுப்பில்தான் வருகிறது.

தினமும் அவன் படிக்கும் காமிக்ஸிலிருந்து ஐந்து வாக்கியம் போதும். வினையை வட்டமிடட்டும், எண்ணட்டும். அதற்குப் பிறகுதான் பென்சிலால் கோடு போட்டுப் பிரிக்க வேண்டும்.